கேட்டை மறித்து நின்ற கார்

கொழும்பு வெள்ளவத்தைக்காரர்களுக்குச் சண்டை போடவே தெரியாது என்றுதான் முதலில் நம்பினேன். மதுரையிலிருந்து வேலைக்காக இங்கே குடிவந்த புதிதில், எல்லாம் கடல் காற்றின் மகிமை என்று வீட்டுக்கு ஃபோனில் விளக்கம்கூடச் சொன்னேன். எங்கள் அடுக்குமாடியின் கேட்டை மறித்துத் தினமும் ஒரு கறுப்புக் கார் நிற்கும். எதிர்வீட்டுச் சிங்களப் பெரியமனிதருடையது. மேலிடத்தில் அவருக்கு ஆள் உண்டு என்று பேச்சு. எங்கள் ஆட்கள் பக்கவாட்டில் ஒடுங்கி நுழைந்து போவார்கள். அவரிடம் ஒருவரும் வாய் திறப்பதில்லை. திறப்பதெல்லாம் காவலாளி மாணிக்கத்திடம்தான்.

"உனக்கு என்னத்துக்குச் சம்பளம்? இனி அந்தக் கார் இதில நிண்டால் நீ வேலைக்கு வராதை" என்று ஒரு காலை மாணிக்கத்திடம் சீறினார் சிவநேசன். குடியிருப்புச் சங்கத் தலைவர், யாழ்ப்பாணத்தவர், ஓய்வுபெற்ற பொறியியலாளர். என்னிடம் பேசும்போது குரல் பஞ்சு மாதிரி இருக்கும். மாணிக்கம் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, ஜிந்துப்பிட்டியில் ஒற்றை அறையில் குடும்பத்தோடு இருப்பவர். அவர் வேலையைக் காப்பாற்றும் பொறுப்பை யாரும் கேட்காமலே நான் ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் கார் வந்து நின்றதும் இறங்கிப் போய், ஊர் வழக்கப்படி முதலில் குரலை உயர்த்தினேன். ஊரில் அப்படிச் செய்தால் டீக்கடை காலியாகிக் கூட்டம் கூடும். நாலு பேர் நியாயம் பேசுவார்கள். அடி விழுவதற்குள் யாராவது நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே நான் கத்தக் கத்த, மேலே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

கார்க்காரர் இறங்கினார். கோபமே இல்லை. "மொகத மஹத்தயா?" என்றார். என்ன விஷயம் ஐயா என்று கேட்டார், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த சிங்களமெல்லாம் மதுரைக்கு ஓடிப்போய், 'ஸ்துதி' மட்டும் வாயில் மிஞ்சியது. கேட்டை மறித்ததற்கு நன்றி சொல்லிவிட்டு நின்றேன்.

மாணிக்கம் என் கையைப் பிடித்தார். "விடுங்க சார். நீங்க நாளைக்கு பிளேன் ஏறிருவீங்க. நான் இந்த கேட்லதானே நிக்கணும்?"

படியில் சிவநேசன் காத்திருந்தார். "தம்பி, உங்கட ஊரில நீங்கள் கத்தலாம். எண்பத்துமூண்டில நாங்கள் கத்தாமலே எங்கட வீட்டை எரிச்சவங்கள்."

எங்கள் மதுரைத் தெருவில் சாதிச் சண்டையே கிடையாது என்று பெருமை பேசியவன் நான். அங்கே பக்கத்துச் சந்தின் வாயை மறித்து நின்றது எங்கள் பெரியப்பாவின் ஜீப். சந்துக்குள் குடியிருந்தவர்களும் ஒடுங்கித்தான் போனார்கள். கூட்டம் கூடியதெல்லாம் எங்கள் குரலுக்குத்தான். அவர்கள் குரலை நான் கேட்டதே இல்லை. இங்கே நான் சந்துக்குள் இருப்பவன், அங்கே இன்னமும் ஜீப்காரன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. மாணிக்கத்தின் வேலை பற்றிய தீர்மானத்துக்கு வேண்டாம் என்று கை தூக்கினேன். வாடகைக்கு இருப்பவருக்கு ஓட்டு இல்லை என்றார்கள். கார்க்காரரிடம் யாரும் பேசவில்லை. மாணிக்கத்தை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.