பல்லக்கு வரதன் போட்ட கல்யாண மேடை

வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் வரதன் அண்ணனைத் தெரியாதவர் கிடையாது. தெரிந்தவர்களில் அவரை நல்ல காரியத்துக்கு மனசாரக் கூப்பிடுகிறவரும் கிடையாது. தொழில் அப்படி. சாவு வீட்டுக்குப் பூப்பல்லக்கு கட்டுகிறவர். மூங்கில், தெர்மாகோல், சாமந்தி, ரோஜா, கொஞ்சம் சீரியல் பல்பு. இவற்றை வைத்து மயில், தாமரை, கப்பல் என்று எது கேட்டாலும் செய்து தருவார். உயிரோடு இருந்தவரை ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போன மனிதரை, கடைசி நாளில் மயில்மேல் படுக்கவைத்து, பறை அடித்து, வெடி வெடித்து அனுப்பிவைக்கும் ஊர் இது. அவர் பல்லக்கில் போன எவரும் இதுவரை திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

கல்யாணம் என்றால் மட்டும் ஊருக்கு அவர்மேல் திடீர் அக்கறை வந்துவிடும். பத்திரிகையை வாசலில் நின்றபடியே நீட்டுவார்கள். "ரிசப்ஷனுக்கு வந்துடு வரதா. காலைல முகூர்த்தம் ரொம்ப சீக்கிரம், நீ இன்னாத்துக்கு தூக்கம் கெட்டுகினு?" என்பார்கள். தங்கள் வீட்டில் யாராவது செத்தால் இதே ஆட்கள்தான் விடியும் முன் வந்து அவர் கதவைத் தட்டுவார்கள். அப்போது அவர் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர் ஒருவருமில்லை.

நான் எதிர்வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. எங்கள் வம்சத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான்தான். அதற்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருக்கிறது. அதனால் வரதன் அண்ணன் என்னை "டிகிரி" என்று கூப்பிடுவார். கேலியா மரியாதையா என்று நான் கேட்டதில்லை. மரியாதை என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. கல்யாண மேடை போடுகிறவர்கள் மேடையின் ஓரத்தில் தங்கள் பேரும் போன் நம்பரும் எழுதிய சின்ன போர்டு ஒன்றை நிறுத்துவார்கள் இல்லையா, அது. "வரதன் வெட்டிங் ஸ்டேஜ்" என்று தங்க எழுத்தில் ஒரு போர்டு செய்து, பழைய புடவையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். அவர் மனைவி செங்கொடி அக்கா வீடு பெருக்கும்போதெல்லாம் அதன்மேல் துடைப்பம் பட்டு ஒரு சத்தம் வரும். "உன் வெட்டிங் இடிக்குதுய்யா" என்பார் அக்கா.

அந்தப் போர்டுக்கு விடிவுகாலம் திருவொற்றியூர் போகிற வழியில் உள்ள டோல்கேட்டில் பிறந்தது. அங்கே மளிகை மொத்த வியாபாரம் செய்யும் தங்கப்பாண்டி அண்ணாச்சியின் மகள் அனிஷாவுக்குக் கல்யாணம். போன வருஷம் அண்ணாச்சியின் அப்பா தவறியபோது வரதன் அண்ணன் கட்டிய கப்பல் பல்லக்கை அந்தப் பக்கத்தில் இன்னமும் பேசுகிறார்கள். ராயபுரத்தில் எபினேசர் என்று ஒருவர் இருக்கிறார். இந்தப் பக்கத்துப் பெரிய கல்யாணங்களுக்கெல்லாம் அவர்தான் மேடை. இரண்டு அன்னம், நடுவில் ஓர் இதயம். பெண்ணும் மாப்பிள்ளையும் மாறுவார்கள், அன்னங்கள் மாறாது. அவர் கேட்ட தொகையைக் கேட்டதும் அண்ணாச்சிக்குத் தன் அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

"வரதா, அப்பாவுக்குச் செஞ்சியே, அந்தக் கைவேலை எனக்குப் புடிச்சிருக்குவே. ரிசப்ஷன் மேடைய நீயே போட்டுரு. ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"பின்வாசல் வழியா வா. பொண்ணு வாரதுக்கு முன்ன வேலைய முடிச்சிட்டு மேடைக்குப் பின்னால உக்காந்துக்க. இது உன் வேலைன்னு ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக்கூடாது."

"அப்ப போர்டு?"

"போர்டா? சனங்க கையெடுத்துக் கும்புட்டுட்டு அழுதுருவாவ. சரி, வந்தவங்க பாத்து நல்லாருக்குன்னு சொல்லட்டும். பந்தி முடியும்போது ஓரமா வச்சிக்க."

இவ்வளவு பெருந்தன்மையை வரதன் அண்ணன் அதற்கு முன் கண்டதில்லை. தன் போர்டு ஏற வேண்டுமானால் மேடை எபினேசருடையதைத் தூக்கிச் சாப்பிட வேண்டும், யாரும் எங்கேயும் பார்க்காததாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். வழி காட்டியது காலேஜில் படிக்கும் மகள் அம்மு. மியூசியங்களுக்குள் போனிலேயே நடந்து போகலாம் என்று காட்டினாள். அம்புக்குறியைத் தொட்டால் ஓர் அடி முன்னால் போகும்; விரலால் இழுத்தால் திரும்பும்.

அன்றிலிருந்து பூ வேலை இல்லாத மத்தியான நேரமெல்லாம் அண்ணன் வெளிநாட்டில் இருந்தார். பாரிஸ் போனார், லண்டன் போனார். முதல் நாள் ஓர் அரண்மனையின் மாடிப்படியில் மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே கைப்பிடிச் சுவர் வர, "அம்மு, நைனாவ வெளிய இட்டாடீ" என்று கத்தினார். அங்கே நின்றிருந்த காவலாளியின் முகம் மங்கலாக்கப்பட்டிருந்தது. "மூஞ்ச அழிச்சி வெச்சிகிறானுங்க. இன்னா கேஸோ பாவம்" என்றார். வேறொரு மியூசியத்தில் கல்லில் செதுக்கிய புத்தர் தலைகள் வரிசையாக இருந்தன. சுவரில் மாட்டியிருந்த தன் வீட்டு புத்தரை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தல மட்டும் கீது. உடம்பு எங்க டிகிரி?"

"உடம்பு நம்ம நாட்டுலயே இருக்கும்ணே. தலையை மட்டும் எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

"நம்ம ஹார்பர் வழியாத்தான் தூக்கினு போயிருப்பான். ரசீது குடுத்தானா?"

எழும்பூர் மியூசியம் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது, நேரிலேயே பார்க்கலாமே என்று சொன்னேன். அதற்கு பஸ் ஏற வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும் என்றார். உலகம் முழுவதையும் சுற்றிவிட்ட ஆளிடம் எழும்பூரைப் பற்றிப் பேசியது என் பட்டிக்காட்டுத்தனம்தான்.

ஒரு பொருளுக்குக் கீழேயும் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்த்ததில்லை. "நைனா, கீழ எழுதிகீது, படிக்கட்டா?" என்று அம்மு கேட்பாள்.

"எழுத்து இன்னாத்துக்கு? கல்யாணத்துக்கு வர்றவன் மேடையப் படிக்கவா போறான்? கண்ணு கீது இல்ல, அது போதும்."

கண் போதுமானதாகத்தான் இருந்தது. ஒரு நாள் அது எகிப்துக்குப் போய் நின்றது. முழுக்கத் தங்கத் தகடு போர்த்திய மண்டபம் மாதிரி ஒன்று. நான்கு மூலையிலும் தூண். மேலே விளிம்பு நெடுக நாகங்கள் படமெடுத்து நின்றன, தலைக்கு ஒரு சூரியன். பக்கத்துக்கு ஒருத்தியாகத் தங்கச் சிலைப் பெண்கள், இரண்டு கையையும் அகல விரித்தபடி. அண்ணன் அம்புக்குறியைத் தொடுவதை நிறுத்தினார். டீ ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாரு செங்கொடி. வாங்க வாங்கன்னு கைய விரிச்சிகினு நிக்கிறாங்க. வரவேற்புக்குன்னே செஞ்சி வெச்சிகிறான்."

"வந்தவங்களுக்கு முதுகக் காட்டிகினு இன்னாய்யா வரவேற்பு?" என்றார் அக்கா. உண்மைதான். நான்கு பெண்களும் மண்டபத்தைப் பார்த்துத்தான் நின்றிருந்தார்கள்.

"அவன் தப்பா நிக்க வெச்சிகிறான். நான் திருப்பி வுட்டுர்றேன்" என்றார் அண்ணன். எகிப்தியர்கள் சில ஆயிரம் வருஷங்களாகக் கவனிக்காத பிழை வியாசர்பாடியில் திருத்தப்பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூர் மண்டபத்தில் நான் அந்த மேடையைப் பார்த்தபோது, கேலி செய்ய வந்ததே மறந்துவிட்டது. தெர்மாகோல் என்று யார் சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. மஞ்சள் வெளிச்சத்தில் தங்கமாகவே நின்றது. நான்கு பெண்களும் முன்பக்கம் திரும்பி, கையை விரித்து, டோல்கேட் கடைக்காரர்களைக் குடும்பத்தோடு வரவேற்றார்கள். அண்ணாச்சியின் அக்கா ஆவுடையம்மாள் மேலே இருந்த நாகங்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏ தங்கம், ராகு கேது ரெண்டுக்கும் சேத்துல்லா பரிகாரம் பண்ணிட்ட! யாருடே போட்டது?"

"மெட்ராஸ்ல பெரிய பார்ட்டிதான்க்கா" என்றார் அண்ணாச்சி. பெரிய பார்ட்டி மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில், மடியில் போர்டை வைத்துக்கொண்டு பந்தி முடியக் காத்திருந்தார்.

வினை, வெற்றி என்கிற மாப்பிள்ளைத் தோழனின் ரூபத்தில் வந்தது. தனக்கும் அடுத்த மாதம் கல்யாணம், இது எந்த ஊர் மாடல் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று போனில் படம் எடுத்துத் தேடினான். தேடிக் கிடைத்ததை அண்ணாச்சியிடம் காட்டினான். நல்ல பையன், சத்தமாகப் படித்தான்.

"அங்கிள், இது எகிப்துல ஒரு ராஜா சமாதியில இருந்து எடுத்தது. செத்த ராஜாவோட ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் எல்லாம் தனித்தனியா எடுத்து இதுக்குள்ளதான் வச்சிருந்தாங்களாம். அந்த நாலு பேரும் அதுக்குக் காவலாம்."

அந்தச் சமயம் அதற்குள் அனிஷாவும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள்.

உலகத்து மியூசியங்களில் எத்தனை ஆயிரம் அறை, எத்தனை லட்சம் பொருள்! நாற்காலி இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, ராணியின் கட்டில்கூட இருக்கிறது. அத்தனையும் தாண்டி அண்ணனின் கண் தானாகப் போய் நின்றது ஒரு சாவுச் சாமானில். எகிப்தில் பல்லக்கு கட்டிய எவனோ ஒருவனின் கைவேலையை அது அடையாளம் கண்டுகொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சி மேடைக்குப் பின்னால் பாய்ந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏலே வரதா! எம் புள்ளைய எதுக்குள்ள உக்கார வச்சிருக்க தெரியுமாலே? ஈரல் பெட்டிக்குள்ள! உன் புத்தி அங்கனதான போவும்?"

வெற்றி படித்ததை நான் அண்ணனுக்குச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, மியூசியத்துல உயிரோட கீறவன் சாமான் எதுனா ஒண்ணு கீதா? நீங்களே சொல்லுங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பட்டதாரி என்பதால் கேட்கிறார் போலிருந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.

"பிரிச்சிப் போட்டுருவேன். ஆனா சனம் மொய்க் கவரோட வரிசையில நிக்கிதே!" என்று அண்ணாச்சி தலையில் கைவைத்தார். அனிஷாவுக்கு அதற்குள் செய்தி போய்விட்டது. பதிலும் வந்தது: மேடையைத் தொட்டால் தான் எழுந்து போய்விடுவதாக, இதுவரை எடுத்த படத்துக்கெல்லாம் தோழிகள் பொறாமையில் வெந்துகொண்டிருப்பதாக.

ஆவுடையம்மாளும் வந்துவிட்டார். "நீதானா செஞ்ச? தம்பி, எனக்கும் காலம் வரும்போது இதையே போட்டுரு. ஈரல் மட்டும் வேண்டாம். அது ஏற்கெனவே சரியில்லன்னு டாக்டர் சொல்லிட்டான்."

"வாய மூடுக்கா!" என்று அண்ணாச்சி அலறினார். வெளியே, விஷயம் பந்தியில் பாயசத்தோடு பரிமாறப்பட்டுக்கொண்டிருந்தது. தன் மகளைச் சமாதிப் பெட்டியில் உட்கார வைத்தவர் தங்கப்பாண்டி என்று நாளைக்குக் கடைத்தெரு பேசும். வியாபாரி மூளை ஒரு நொடியில் வேலை செய்தது.

"உன் போர்டு எங்கலே?"

"தோ... மடில."

"கொண்டா. ஓரத்துல இல்ல, நடுவுல வை. எவன் செஞ்சான்னு ஊரு பூராப் பாக்கணும். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரியணும்."

திட்டுவதற்காகக் கூப்பிட்டதைப் பாராட்டக் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டு அண்ணன் ஓடினார். புடவை அவிழ்ந்தது. "வரதன் வெட்டிங் ஸ்டேஜ்" பந்தி முடியும் முன்பே, நட்டநடுவில், மணமக்கள் காலடியில் ஏறியது. அதன் பிறகு எடுத்த ஒவ்வொரு படத்திலும் அந்தப் பேரும் நம்பரும் இருக்கின்றன. வெட்ட வேண்டுமென்றால் மாப்பிள்ளையின் காலையும் சேர்த்து வெட்ட வேண்டும்.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் போன் அடித்தது. சாவுதான் என்று நினைத்துச் செங்கொடி அக்கா பூக்கூடையை இழுத்தார். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து பாரி என்று ஒருவன். ஸ்பீக்கரில் போட்டார் அண்ணன்.

"போட்டோ பாத்தேன் நைனா. கைய விரிச்சிகினு நிக்கிதுங்களே, அந்த மேட வேணும். தங்கச்சி கல்யாணம்."

"தம்பி, அது சமாதி மேட. ஈரல் வெக்கிற பொட்டி. அப்பால பேஜாரு பண்ணாத."

"தெரியும் தெரியும், ஊரே சிரிச்சிகினு கீது. மீனு அறுக்கிற வூட்ல ஈரலப் பாத்து பயந்தா ஆவுமா? ஆனா நம்மளுது கடலோரம். காத்து அடிக்கும். காலைல தாலி கட்டுற வரைக்கும் மேடகிட்டயே நீ நிக்கணும். சாஞ்சா எவன் புடிக்கிறது?"

"எது வரைக்கும்?"

"தாலி கட்டுற வரைக்கும்யா. காது கேக்கலியா?"

கேட்டதுதான். அண்ணன் போனை வைத்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"டிகிரி, முகூர்த்தத்துக்கு இன்னா கலரு சட்ட போட்டுகினு போவாங்க? என் கல்யாணத்துக்கு அப்புறம் நான் போனதேயில்ல."