ஆறு மடங்கு

என் வீட்டுக்காரர் மஸ்கட் போன மறுவருஷம், சம்பா அறுப்பு சமயத்தில் எனக்கு உடம்பெல்லாம் தடிப்புக் கிளம்பியது. பக்கத்து வீட்டு அக்கா, "நெல்லுச் சுணை பட்டிருக்கும்" என்றாள். அறுப்பு முடிந்தும் நிற்காததால், கண்ணில் படாத ஏதோ பூச்சி தீண்டிய காணாக்கடி என்று தீர்ப்பை மாற்றினாள். வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லக் கொடுத்தாள், கம்பளியால் முதுகைத் தேய்த்தும் விட்டாள். கோடையில் அவளும் மகனோடு திருப்பூர் போய்விட்டாள்.

தடிப்பு தினமும் சாயங்காலம் வரும், விடிவதற்குள் மறையும். மன்னார்குடியில் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தால் கை வழவழவென்று இருக்கும். எனக்கே வெட்கமாகிவிடும்.

வெள்ளிக்கிழமை தேரடி பூத்துக்கு அவர் போன் செய்வார். ஒருமுறை அழுதுவிட்டேன். "தனியா கிடக்கிறல்ல, மனசுதான் இப்படிப் படுத்துது. ஆவணியோட கான்ட்ராக்ட் முடியுது. வந்துடறேன்" என்றார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ சுருக்கென்று கோபம் வந்தது. அப்படியானால் நான் நடிக்கிறேனா?

டாக்டரிடம் அடம்பிடித்துப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். எதிர்ப்பொருள் இருக்க வேண்டியதைப்போல ஆறு மடங்கு இருந்தது. "ஒவ்வாமையில ஏறுறது இது. எதனால ஏறுதுன்னு பல பேருக்குத் தெரியறதே இல்லைம்மா. மாத்திரை சாப்பிடுங்க" என்றார் டாக்டர். வியாதி உறுதியானதற்குப் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை பூத்தில் ரிப்போர்ட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு போனில் அவருக்கு வரிவரியாகப் படித்தேன். "மனசு இல்லைங்க, ரத்தம்!" என்றேன்.

"அப்பாடா, என்னமோன்னு பயந்துட்டேன்" என்றார். "மாத்திரையில அடங்கிடும்ல? இங்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. கையெழுத்துப் போட்டுடவா?"

வேண்டாம் என்று வாய் வரைக்கும் வந்தது. பூத்துக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் முதுகில் கிளம்பியது. அகப்பைக் காம்பில் துணி சுற்றி, லோஷனில் நனைத்து, தோளுக்கு மேலே விட்டுத் தடவினேன். நடுமுதுகுக்கு எட்டவில்லை. வாசற்படி நிலையில் முதுகை வைத்துத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

என்னால் தனியாக இருக்க முடியவில்லை என்று அவரிடம் நான் ஒருதடவைகூடச் சொன்னதில்லை. நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்திருந்ததை, நானே ரத்தம் கொடுத்துப் பொய்யாக்கிவிட்டேன்.