மர்ஸூக்கின் கடைசிக் கோப்பை

சுபுஹு பாங்கு ஓய்ந்த நேரத்தில் இன்திஸாருக்குப் போன் வந்தது. ஜவ்ஹரா அத்தைதான். "உங்க வாப்பாவ எழுப்புனேன், எந்திரிக்கலடி," என்று சொல்லி அழுதாள்.

பஸ்ராவிலிருந்து ஸுபைர் போகும் வழியெல்லாம் இன்திஸாருக்கு அழுகையைவிட ஒரு கேள்விதான் முட்டிக்கொண்டு நின்றது. இனி யாரிடம் கேட்பது?

வாப்பா மர்ஸூக் நகரசபையில் தண்ணீர் மோட்டார் பார்த்தவர். பேச்சுக் குறைவு, மீசைக்குள்ளேயே சிரிப்பு. ஊரிலுள்ள பெரிய வீட்டில் கல்யாணமோ மவுத்தோ என்றால் லீவு போட்டுவிட்டு ஓடுவார். அடுப்படியில் உட்கார்ந்து ஏலக்காய் மணக்கக் காபி காய்ச்சுவார், வந்தவர்களுக்கெல்லாம் நின்றபடியே ஊற்றுவார். காசு வாங்க மாட்டார். அடிமைக் கப்பலில் வந்திறங்கிய அவருடைய வாப்பாவைச் சிறுவயதில் விலைக்கு வாங்கியது அந்த வீடுதான். ஊருக்கே தெரிந்த கதை. இவர்கள் வீட்டில் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

"இன்னும் அவங்களுக்கு அடிமையா நாம? எதுக்குப் போறீங்க?" என்று இன்திஸார் சண்டை பிடிப்பாள்.

"எங்கையில காபி நல்லா வருது, போறேன்," என்பார்.

மூன்றாம் நாள் துக்கத்துக்குப் பெரிய வீட்டு ஹாஜியா முனீரா வந்தாள். பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள். இன்திஸார் எழவில்லை.

"எந்திரிடி, மானம் போகுது," என்று அத்தை தொடையைக் கிள்ளினாள்.

இன்திஸார் காபிக் கெண்டியை வாங்கிக்கொண்டு ஹாஜியா முன்னால் போய் நின்றாள். ஊற்றினாள். "எங்க வாப்பா உங்க வீட்டுக்கு எதுக்கு வந்தாரு?"

கிழவி கோப்பையைப் பார்த்தாள். "காபி ஊத்தன்னு நெனச்சியா? எல்லாரும் போனப்புறம் கடைசிக் கோப்பைய எங்கிட்ட கொண்டாருவான். 'எங்க வாப்பாகூடக் கப்பல்ல வந்த அவரு தங்கச்சி ஸஃப்ரானாவ எங்க அனுப்புனீங்க?'ன்னு கேப்பான். நான் கோப்பைய ஆட்டிருவேன்."

கோப்பையை ஆட்டினால் போதும் என்று பொருள். ஊற்றுகிறவர் அதற்கு மேல் நிற்கக் கூடாது.

"சொல்லக் கூடாதுன்னு எம் புருசன் வாயக் கட்டிட்டாரு. அவரு போயி வருசமாச்சு, அப்பவும் வாய் வரல. போன மாசம் பேரன் கல்யாணத்துலதான் சொன்னேன். அவள எங்க மாமியாரோட நாத்தனாருக்குச் சீதனமா அபுல்கஸீபுக்கு அனுப்பிட்டாங்க. ஸஃப்ரானாவோட பேரப்புள்ளைங்க அங்கதான் இருக்கு."

"அபுல்கஸீபா?" அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். "வருசா வருசம் பேரீச்சம்பழம் வாங்கப் போறேனே! பாவி மக்க, அவங்ககிட்டயேகூட பேரம் பேசியிருப்பேனே!"

யாரோ சிரிப்பை முந்தானையில் அமுக்கினார்கள்.

"வாப்பா என்ன சொன்னாரு?" என்றாள் இன்திஸார்.

"மொத மொத போற வீட்டுக்கு வெறுங்கைய வீசிட்டா போறதுன்னு மட்டும் கேட்டான்."

ஹாஜியா கோப்பையை ஆட்டவில்லை. நீட்டினாள். இன்திஸார் இன்னொரு தரம் ஊற்றினாள்.

கூட்டம் கலைந்தபின் அவள் அடுப்படிக்குப் போனாள். மூலையில் வாப்பாவின் பித்தளை உரல், மேலே துணி மூடி. பக்கத்தில் கையோடு கொண்டுபோகக் கழுவிக் கவிழ்த்த புது டப்பா. துணியை எடுத்தாள். வறுத்த காபிக் கொட்டையில் பாதிதான் பொடியாகியிருந்தது.