ஒரு கணுக்காலுக்குச் சொன்ன ஆமீன்

இன்றிரவு ஐரோப்பியக் கிண்ணக் கால்பந்து அரையிறுதி. நான் டிவியில் மட்டுமே பார்த்திருக்கும் எங்கள் அணியில் கோல் அடிக்கிறவனுக்குக் கணுக்காலில் காயம். ஆடுவானா என்று தெரியாது.

அவனுக்காக நான் தில்லையடிப் பள்ளிவாசலில், பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்த பிறகும் கையேந்திக்கொண்டு இருந்தேன். கண்ணும் கொஞ்சம் கலங்கிவிட்டது.

பக்கத்தில் ஹாஜியார். முழங்கால் நோவால் கதிரையில் இருந்து தொழுகிறவர்.

"என்ன மகன், ஊட்டுல ஆருக்கும் சொகமில்லையா?"

"ஒராளுக்குக் கால்ல காயம், ஹாஜியார்" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அவர் கைத்தடியை ஊன்றி எழும்பிப் போய் மௌலவியின் காதில் ஏதோ சொன்னார். மௌலவி எல்லோரையும் இருக்கச் சொல்லி, காலில் காயப்பட்ட நம் சகோதரருக்குப் பூரண சுகம் கேட்டு துஆ ஓதினார். கடை திறக்க அவசரமாக எழும்பியவர்களும் திரும்ப உட்கார்ந்து ஆமீன் சொன்னார்கள்.

நானும் சொன்னேன்.

வெளியே வந்து போனைப் பார்த்தால், அவன் ஆடுகிறானாம். சந்தோஷப்பட முடியவில்லை. எத்தனையோ நாள் பக்கத்தில் இருந்து தொழுதும், ஹாஜியாரின் முழங்காலுக்கு நான் ஒரு தடவையும் துஆ கேட்டதில்லை.

செருப்பைப் போடும்போது பின்னால் அவருடைய குரல் கேட்டது.

"நாளைக்கு அஸர் தொழுதுட்டு உங்கட ஊட்ட வாறன் மகன். நோயாளிய ஒருக்காப் பாத்துட்டுப் போகோணும்."

யாரிடமாவது காயப்பட்ட கால் ஒன்று இருந்தால், நாளை பின்னேரத்துக்கு மட்டும் இரவல் தாருங்கள்.