சுவீடிஷ் பேசிய யாழ்ப்பாணத்துக்காரர்

எழுபதுகளின் கடைசியில் சிட்னி நீதிமன்றம் ஒன்றில் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்யும் வேலை எனக்கு. ஒருநாள் சுவீடிஷ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார்கள். கறுத்து, குள்ளமாக, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் எழுந்து வந்தார்! சுவீடனில் படித்தவராம். கொதிக்கும் வெயிலிலும் கம்பளிக் கோட்டு. வாய் திறக்குமுன் ஒவ்வொரு முறையும் அதன் மேல் பொத்தானைப் பூட்டிக்கொள்வார்.

சாட்சிக் கூண்டில் மூக்கு உடைந்த சுவீடன் மாலுமி. சத்தியம் செய்ய மாட்டேன் என்று அடம்பிடித்தான். அவன் கப்பல் மாலையில் கிளம்புகிறது. அவன் பேசாவிட்டால் அவன் மூக்கில் அடித்தவன் தப்பித்துவிடுவான். அடித்தவன் அதற்குள் சிரிக்கவே தொடங்கிவிட்டான்.

மொழிபெயர்ப்பாளர் பொத்தானைப் பூட்டினார்.

"இவர் நாட்டுச் சட்டத்தில் அடிபட்டவருக்கு 'மோல்சேகண்டே' என்று பெயர். வழக்குக்குச் சொந்தக்காரர் என்று அர்த்தம். அவர் சாட்சி இல்லை. அதனால் அவரிடம் சத்தியம் கேட்பதே இல்லை" என்று நீதிபதிக்கு ஆங்கிலத்தில் விளக்கினார்.

"இங்கே அவரும் சாட்சிதான் என்று சொல்லுங்கள்" என்றார் நீதிபதி.

மொழிபெயர்ப்பாளர் மாலுமியிடம் சுவீடிஷில் ஏதோ சொன்னார். மாலுமி நெஞ்சை நிமிர்த்தி, மன்றமே அதிரச் சத்தியம் செய்தான். அடித்தவன் அன்றே உள்ளே போனான்.

வாசலில் அவரைப் பிடித்தேன். "அண்ணே, அவன்கிட்ட என்னதான் சொன்னீங்க?"

"நீதவான் சொன்னதைத்தான் தம்பி. இஞ்சை உம்மைச் சாட்சி எண்டுதான் கூப்பிடுவினம். ஆனா வழக்கு உம்மடைதான் எண்டு சொன்னனான்."

"கடைசி வரியை நீதிபதி சொல்லலையே!"

"ஓம், சொல்லேல்லைத்தான்" என்று பொத்தானைக் கழற்றிக்கொண்டு நடந்தார்.

நான் தட்டச்சு செய்த தாள்களில் அந்த வரி இல்லை. வழக்கை வென்றது அதுதான்.