இனிஷியலுக்குள் ஒளித்த பெயர்

மூன்று வருடங்களுக்கு முன், புரட்டாசி பிறந்திருந்த நேரம். மதுரையில் விமானம் ஏறி, துபாய் வழியாக அயர்லாந்தில் போய் இறங்கினேன். முதுகலைப் படிப்புக்காகப் போன பயணம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் விமானம் ஏறிய முதல் ஆளும் நானேதான். இதையெல்லாம் அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, பெருமையாகத்தான் சொல்வேன். அந்தப் பெருமையில் எங்கே ஓட்டை இருந்தது என்பதை அந்த விமான நிலையத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்கு முன் அப்பாவின் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் காவல் சாமியின் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்குப் பக்கத்தில் ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு பண்ணையில் அப்பா சிறு வயதிலிருந்தே கூலி வேலை பார்த்தார். அந்தப் பண்ணைக்காரர் வீட்டின் ஆறு வயதுப் பிள்ளைகூட அவர் பெயரைப் பாதியாக வெட்டி, முனையில் ஒரு ‘டா’ சேர்த்துத்தான் கூப்பிடும். வயலெல்லாம் பிளாட் ஆன பிறகு அப்பா சென்ட்ரிங் வேலைக்குப் போனார். கான்கிரீட் போடுவதற்கு முன் பலகையும் முட்டும் அடிக்கிற வேலை. அங்கே ‘டா’ போய்விட்டது. ஆனால் பெயர் பாதியாகவே இருந்தது.

அம்மா அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டார். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாதாம். ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ யாராவது கேட்டால் என் தோளில் இடித்து, “நீ சொல்லுடி” என்பார். சின்ன வயதில் நான் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். மதுரையில் கல்லூரிக்குப் போன பிறகு நானும் நிறுத்திவிட்டேன். எனக்கு இனிஷியல் ‘எம்’. அந்த ஒற்றை எழுத்து ரொம்ப வசதியாக இருந்தது. அதற்குள் யார் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

முதல் வருடத்திலேயே வகுப்புத் தோழி ஒருத்தி, எம் என்றால் என்ன என்று கேட்டுவிட்டாள். யோசிக்காமல் மனோகரன் என்றேன். ஏன் அந்தப் பெயர் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியாது. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது அது.

மூன்று வருடம் கழித்துப் பட்டமளிப்பு நாளில் அப்பா கல்லூரிக்கு வந்தார். அதே தோழி ஓடி வந்து, “மனோகரன் அங்கிள், நல்லா இருக்கீங்களா?” என்றாள். அப்பா ஒரு நொடி என்னைப் பார்த்தார். என் காது இரண்டும் சூடாகிவிட்டன. பிறகு அவளைப் பார்த்துச் சிரித்து, “நல்லா இருக்கேன் ஆத்தா” என்றார். திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஒரு சீட் கிடைத்தது. என்னை உட்கார வைத்துவிட்டு ஒத்தக்கடை வரை நின்றுகொண்டே வந்தார். அதைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அயர்லாந்துக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, பட்டச் சான்றிதழில் இருந்தபடி ‘எம்’ என்ற இனிஷியலோடுதான் என் பெயரைக் கொடுத்தேன். அனுமதிக் கடிதமும் அப்படியே வந்தது. பாஸ்போர்ட்டில்தான் சிக்கல். ஒத்தக்கடையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தவர் ‘சர்நேம்’ என்ற கட்டத்தில் நின்றுவிட்டார். இனிஷியலை மட்டும் போடுங்கள் அண்ணே என்றேன்.

“இனிஷியல்லாம் ஒத்துக்கிட மாட்டாய்ங்கம்மா. விரிச்சுத்தான் போடணும். அப்பா பேரு என்ன?”

அப்பா எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். நான் வாயால் சொல்லாமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினேன். ஆங்கிலத்தில் பதினான்கு எழுத்துகள். அப்பா திரையை எட்டிப் பார்த்து, “இம்புட்டு நீளமா எம் பேரு?” என்று மட்டும் கேட்டார்.

விசா மிகவும் தாமதமாக வந்தது. அதனால் நான் போய் இறங்கிய அன்றுதான் கல்லூரியில் நேரில் பதிவு செய்யக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் மூடிவிடும். அதற்குள் வராவிட்டால் இடம் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். விமான நிலையத்திலிருந்து அந்த ஊருக்கு மூன்று மணி நேரப் பயணம். பன்னிரண்டரைக்கு ஒரு பஸ். அதை விட்டால் அடுத்தது இரண்டரைக்கு. அதாவது, அதை விட்டால் எல்லாம் போச்சு.

மதுரை விமான நிலைய வாசலில் அப்பா கடைசியாக ஒன்று சொன்னார். “அங்க யாரு என்ன கேட்டாலும் பட்டுனு பதில் சொல்லிரு ஆத்தா. பேசாம நின்னுராத.” எனக்கு இங்கிலீஷ் தெரியும்ப்பா என்று கொஞ்சம் எரிச்சலோடு சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

டப்ளினில் இறங்கியதும் முதலில் பயமுறுத்தியது அந்த அமைதிதான். அவ்வளவு பெரிய கூட்டம், ஆனால் சத்தமே இல்லை. என் பையின் சக்கரம் உருளும் சத்தம் எனக்கே கூச்சமாக இருந்தது. யார் காலையோ மிதித்துவிட்டேன். மிதிபட்டவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கண்ணாடிக்கு வெளியே, பெய்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாதபடி மழை காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

குடியேற்றச் சோதனையில் என் முறை வந்தபோது மணி பதினொன்று ஐந்து. அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், திரும்பவும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். இரண்டிலும் பெயர் ஒன்றாக இல்லையே என்றார். விளக்க ஆரம்பித்தேன். பயத்தில் என் இங்கிலீஷ் எனக்கே புரியாத வேகத்தில் வந்தது. அவர் கோபப்படவில்லை. கல்லூரிக்குப் போன் செய்து கேட்கிறேன், கூப்பிடும்வரை உட்காருங்கள் என்று பக்கத்து அறையைக் காட்டினார். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அறையில் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, ஒரு வயதானவர், காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு நைஜீரியப் பெண், பிறகு நான். சுவரில் ஒரு கடிகாரம். போனில் சிம் இல்லை.

பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. அதிகாரி ஒரு பெயரைச் சொன்னார். நீளமான, கரடுமுரடான பெயர். சொல்லும்போதே அவருக்கு நாக்கு இரண்டு இடத்தில் இடறியது. யாரும் எழவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். யாரோ ஒரு ஆப்பிரிக்க நாட்டுக்காரர் போலிருக்கிறது, ஆள் எங்கே போனாரோ பாவம் என்று நினைத்தேன்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டாக இருந்தால் பத்துத் தடவை கத்திக் கூப்பிடுவார்கள். தூங்கினால் தட்டி எழுப்புவார்கள். இங்கே ஒரு தடவை, அதுவும் காதோடு பேசுகிற மாதிரி.

பதினொன்று ஐம்பதுக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். ஏதோ ஒரு பெயர். முன்பு சொன்ன அதே பெயர்தானா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இவர் வேறு மாதிரி உடைத்தார். முன்னால் ‘மிஸ்’ என்று வந்தது மட்டும் கேட்டது. நானும் மற்றவர்களைப் போலத் திரும்பிப் பார்த்தேன். கைக்குழந்தைக்காரியாக இருக்குமோ என்று அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கதவு மூடிக்கொண்டது.

பன்னிரண்டு ஆயிற்று. எழுந்து போய்க் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கால் எழவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஆபீஸ் என்றால் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்கும் இடம். தாலுகா ஆபீஸில் சாதிச் சான்றிதழுக்காக அப்பாவோடு முழு நாளும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். குறுக்கே போய்க் கேட்டால், இருக்கிறதும் கெட்டுவிடும். பட்டம் வாங்கிய பிறகும் அந்தப் பயம் என் முழங்காலில் அப்படியே இருந்தது. அறையில் இருந்த வயதானவர்கூட வேலை முடிந்து போய்விட்டார். என்னைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று முடிவே செய்துவிட்டேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் தேட ஆரம்பித்தேன்.

பன்னிரண்டு பத்து. முதல் அதிகாரியே திரும்ப வந்தார். கையில் நீல அட்டைப் பாஸ்போர்ட். அதே பெயரை இந்த முறை எழுத்துக்கூட்டுவது போல மெதுவாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த நைஜீரியப் பெண் ஹெட்போனைக் கழற்றினாள். என் சக்கரப் பையில் விமான நிறுவனத்தார் கட்டிய சீட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “அவர் கூப்பிடுவது இதைத்தானே? இது உன் பை இல்லையா?”

சீட்டைப் பார்த்தேன். என் பெயர் கடைசியில் இடமில்லாமல் பாதியில் அறுந்திருந்தது. அதற்கு முன்னால், பெரிய எழுத்தில், முழுதாக, பதினான்கு எழுத்தும். அப்பா.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. அதிகாரி, நீங்கள்தானே இவர் என்று கேட்டார். என் வாயில் உண்மை அப்படியே வந்துவிட்டது. “இல்லை. அது என் அப்பா.”

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். உங்கள் அப்பா எங்கே, உங்களோடு வந்திருக்கிறாரா என்றார். சிரிக்க வேண்டிய இடம். எனக்கு அழுகை வந்தது. அப்பா சொல்லி அனுப்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பேசாமல் நின்றுவிடாதே. மூச்சை இழுத்துவிட்டு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயரில் ஒரே ஓர் எழுத்தை எடுத்து எங்கள் பெயருக்கு முன்னால் வைத்துக்கொள்வோம். கடிதத்தில் இருப்பது அந்த எழுத்து. பாஸ்போர்ட்டில் இருப்பது அந்த ஆள்.

அவர் கடிதத்தில் இருந்த ‘எம்’ மேல் விரலை வைத்து, “இது அவரா?” என்றார்.

“ஆமாம். அவர்தான்.”

கல்லூரியிலும் விசாரித்துவிட்டோம், உங்கள் இடம் உறுதிதான், அரை மணி நேரத்துக்கு முன்பே கூப்பிட்டோமே என்றார். பிறகு முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் தப்பாகச் சொல்லியிருப்பேன், எப்படிச் சொல்ல வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டார்.

சொன்னேன். சின்ன வயதில் அம்மா தோளில் இடித்ததும் சொல்வேனே, அந்தச் சத்தத்தில், பாதியாக்காமல் முழுதாகச் சொன்னேன். அந்தக் குழந்தை விழித்துக்கொண்டது. அவர் இரண்டு தடவை முயன்று பார்த்தார். இரண்டாவது தடவை கிட்டத்தட்ட சரியாக இருந்தது. முத்திரை விழுந்தது.

ஓடினேன். பெட்டியை எடுத்து, வழி கேட்டு, இரண்டு முறை தவறான கதவில் போய் முட்டி, வெளியே வந்தபோது பஸ்ஸின் கதவு மூடிவிட்டிருந்தது. கண்ணாடியை உள்ளங்கையால் அடித்தேன். ஓட்டுநர் என்னையும் பெட்டியையும் ஒரு கணம் பார்த்துவிட்டுத் திறந்தார். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: அந்த நைஜீரியப் பெண்ணின் பெயரை நான் கேட்கவே இல்லை. நன்றிகூடச் சொன்னேனா என்று நினைவில்லை.

மூன்று மணி நேரமும் ஜன்னலுக்கு வெளியே பச்சை, கல் அடுக்கிய தாழ்ந்த வேலிகள், மழையும் வெயிலும் ஒரே நேரத்தில். வயலில் ஆடு இருந்தது, ஆள் இல்லை. ஒவ்வொரு சிக்னலிலும் மணியைப் பார்த்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி, வழி கேட்டு நடந்து, கல்லூரி அலுவலகக் கண்ணாடிக்கு முன் போய் நின்றபோது நாலே கால். எனக்குப் பின்னால் வரிசையில் யாருமே இல்லை. நான்தான் கடைசி.

பதிவு முடிந்ததும் கல்லூரியின் இணையத் தொடர்பில் வீட்டுக்குக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே அப்பா எடுத்தார்.

“எறங்குனதும் போன் போடச் சொன்னேன்ல. எதுக்கு இம்புட்டு நேரம்?”

“உக்கார வச்சுட்டாங்கப்பா. மூணு தடவ கூப்பிட்டிருக்காங்க, எனக்குத்தான் வெளங்கல. ஒங்க பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க.”

அப்பா கேட்டார். “எந்தப் பேரு?”

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“ஒங்க பேருதாம்ப்பா. முழுசா. முன்னாடி மிஸ் போட்டு.”

“சரியாச் சொன்னாய்ங்களா?”

“மொதல்ல இல்ல. நான் சொல்லிக்குடுத்தேன்.”

அந்தப் பக்கம் அப்பா சிரிப்பது கேட்டது. போனைக் கொஞ்சம் விலக்கி, “கேட்டியா, வெள்ளைக்காரனுக்கு இவ எம் பேரச் சொல்லிக்குடுத்தாளாம்” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா என்ன சொன்னாரோ கேட்கவில்லை. பிறகு வழக்கம்போல, சாப்பிட்டாயா என்றார்.

படிப்பு முடிந்து இப்போது இங்கேயே வேலையில் இருக்கிறேன். மருத்துவமனையில், வங்கியில், எங்கே வரிசையில் உட்கார்ந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்; ஆளுக்கு ஒரு விதமாக உடைக்கிறார்கள். எப்படி உடைத்தாலும் முதல் அழைப்பிலேயே எழுந்துவிடுகிறேன். தன்னுடையது அல்லாத ஒரு பெயருக்கு எனக்காக ஒரு நாள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னவர் அவர்; அவருடைய சொந்தப் பெயருக்குப் பதில் சொல்ல நான் இன்னொரு முறை தாமதிக்க மாட்டேன்.