ஹந்தானைக் காட்டின் பிரதான அச்சுறுத்தல்

ஹந்தானை மலையில் பதினொரு ஏக்கர் காட்டுக்கு ஆபத்தானவர் என்று உத்தியோகபூர்வமாகப் பதியப்பட்டிருக்கும் ஒரே மனிதர் திருவாளர் க. வீரய்யா. வயது ஐம்பத்தெட்டு. உயரம் ஐந்தடி இரண்டங்குலம். இடது காது கொஞ்சம் மந்தம். வெற்றிலை உண்டு, வேறு பழக்கம் இல்லை. இந்தப் பதவி அவருக்கு எப்படி வாய்த்தது என்பதை எழுதி வைக்காவிட்டால் வருங்காலம் நம்மை மன்னிக்காது.

பிறந்தது தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில். பதினெட்டு வயதில் கவ்வாத்துக் கத்தி பிடித்தார். முப்பத்திரண்டு வயதில் தோட்டத்துத் துரை அவரைக் கூப்பிட்டு, லயத்துக்கு மேலே இருந்த காட்டைக் கையால் காட்டி, "வாச்சர்" என்றார். அந்த ஒரு சொல்தான் நியமனக் கடிதம். காட்டுக்குள் ஓர் ஊற்று. அதிலிருந்து குழாய் வழியாக இறங்கும் தண்ணீர்தான் லயத்துப் பீலியில் விழுகிறது. நாற்பத்திரண்டு வீடுகளுக்குக் குடிக்கவும் குளிக்கவும் சண்டை பிடிக்கவும் இருப்பது அந்த ஒரு பீலிதான். ஊற்றுக்குப் பக்கத்தில் நாவல் மரத்தடியில், மூன்று கல்லாக, முனியாண்டி. காவல் வேலையில் பாதியை முனியாண்டி பார்த்துக்கொண்டார், மீதியை வீரய்யா. இருபத்தாறு வருடத்தில் ஒரு மரம் போகவில்லை. மனைவி ஞானேஸ்வரி ஒருமுறை அடுப்புக்கென்று பச்சைக் கொப்பு ஒன்றை ஒடித்ததற்கு மூன்று நாள் அவளோடு பேசாமல் இருந்தவர்.

போன மாசியில் அந்த மரங்களில் சிவப்புப் பெயின்ட் கோடுகள் முளைத்தன. சுற்றுலா விடுதி கட்டப் போகிறார்கள் என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பேச்சு. வீரய்யா போய் துரைக்கு முன்னால் நின்றார். துரை சிரித்தார். அப்படி ஒரு யோசனையே இல்லை என்றார். பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, கண்டியிலிருந்து வரும் காபன்காரர்கள் இந்தக் காட்டை ஏற்றுக்கொண்டால் காடு காடாக இருக்கும், ஏற்காவிட்டால் வேறு யோசனை பார்க்க வேண்டியதுதான் என்றும் சொன்னார். இல்லாத யோசனைக்கு எதற்கு வேறு யோசனை என்று வீரய்யா கேட்கவில்லை. ஊற்று போனால் பீலி போகும், பீலி போனால் லயமும் போகும் என்பது மட்டும் அவருக்கு விளங்கியது.

காபன்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கண்டி நகரில் ஒரு மாடி அறையில், இயற்கையை நம்பி விற்கும் காபன் கிரெடிட்டுக்கு நியமம் ஒன்று எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. மரம் காற்றிலுள்ள கரியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எங்கோ புகை விடும் கம்பனி ஒன்று, யாரும் கேட்காமலே, தானாக மனமிரங்கி அந்தக் கரிக்குக் காசு கொடுக்கும். கொடுக்கிற காசுக்கு மரம் உண்மையாக நிற்கிறதா என்று பார்க்கத்தான் நியமம். நூற்றுப் பதினான்கு பக்கம், இன்னும் வரைவுதான். அதை நிசமான ஒரு காட்டில் பரீட்சித்துப் பார்க்க ஹந்தானைக்கு ஏறி வந்தவர் லோஜினி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை; பேராதனையில் படித்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டவர்.

இரண்டு கிழமை வீரய்யா நாடா பிடிக்க, லோஜினி மரங்களின் சுற்றளவை எழுதினார். எல்லாம் சுகமாகப் போயிற்று, நாற்பத்தோராம் பக்கம் வரும்வரை.

"ஐயா, ஒரு சின்னப் பிரச்சினை."

"சொல்லுங்க மிஸ்."

"நீங்கள் இந்தக் காட்டை நல்லாப் பாத்திட்டீங்கள்."

வீரய்யா வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார்.

"அதுதான் பிரச்சினை" என்றார் லோஜினி. "நிக்கிற மரத்துக்குக் காசு இல்லை ஐயா. விழ இருந்த மரம் விழாமல் நிண்டாத்தான் காசு. இந்தத் திட்டம் வராட்டி காடு அழிஞ்சிருக்கும் எண்டு நாங்கள் காட்ட வேணும். இஞ்ச ஒரு அடிக்கட்டைகூட இல்லையே."

"முனி இருக்காரே மிஸ். எவன் கை வைப்பான்?"

லோஜினியின் முகம் இன்னும் வாடியது. நியமத்தின்படி முனியாண்டி 'ஏற்கெனவே நடைமுறையிலுள்ள பயனுள்ள பாதுகாப்பு ஏற்பாடு'. அவர் இருக்கும்வரை காட்டுக்குக் கிரெடிட் இல்லை.

"செவப்புக் கோடு போட்டிருக்கானுங்களே, அது ஆபத்தில்லையா?"

"கேட்டனான் ஐயா. அப்பிடி ஒரு யோசனையும் இல்லையெண்டு துரை எழுதியே தந்திட்டார். வியாழக்கிழமை கொழும்பில இருந்து பரிசீலகர் வாறார். அவர் கடதாசியைத்தான் பாப்பார், பெயின்டைப் பாக்க மாட்டார்."

அன்று திங்கட்கிழமை. செவ்வாயன்று வீரய்யா, இரண்டு வருடமாகப் பட்டு நின்ற ஒரு மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு, வியர்வையும் பெருமையுமாக லோஜினியைக் கூட்டிப்போய்க் காட்டினார். லோஜினி அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினார்.

"பட்ட மரத்தை வெட்டுறது பராமரிப்பு ஐயா. நாப்பத்து மூண்டாம் பக்கம். முந்தியிலும் பாக்க நல்லவராப் போட்டீங்கள்."

"அப்ப பச்ச மரத்தையா வெட்டணும்?"

"ஐயோ, நான் வெட்டச் சொல்லேல்லை! வாசிச்சுத்தான் காட்டினனான்."

வியாழன் விடிகிறபோது, மரம் அளக்கப் போவதாக ஞானேஸ்வரியிடம் சொல்லிவிட்டு, கோடரியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வீரய்யா மலையேறினார். மூடுபனி முழங்கால் வரை கிடந்தது. ஒரு மரத்தடியில் நின்றார். அதில் மைனாக் கூடு இருந்தது. அடுத்தது ஊற்றுக்கு நிழல். அதற்கடுத்தது போன வருட மண்சரிவைத் தடுத்தது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர் மாதிரி ஒவ்வொன்றிலும் ஒரு சாக்குக் கண்டுபிடித்துக்கொண்டே நடந்தார். ஏழரை ஆகிவிட்டது. பத்துக்குப் பரிசீலகர்.

கடைசியில் கீழ் ஓரத்தில் நின்ற சவுக்கு மரம். லோஜினியின் அளவுப் பட்டியலில் எண்பத்தேழாம் நம்பர். அவரே நட்டது, பதினாறு வயது. அவர் நட்டதை அவரே வெட்டினால் முனியாண்டி கோபம் பாதியாகும் என்று ஒரு கணக்கு. நாவல் மரத்தடியில் சூடம் கொளுத்தினார்.

"அய்யா, இத வெட்டுன்னு எடுத்துக்காதீங்க. இது கடதாசி வேல."

முதல் வெட்டு விழுந்ததும் காடே ஒருமுறை மூச்சைப் பிடித்தது போலிருந்தது. தலையில் ஏதாவது விழும் என்று வீரய்யா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். எதுவும் விழவில்லை. அது அவரை இன்னும் பயமுறுத்தியது. ஒன்பதே காலுக்குச் சவுக்கு சரிந்தது. மரத்தோடு சேர்ந்து அவரும் உட்கார்ந்துவிட்டார்.

பரிசீலகர் ரவிகுமார் சொன்ன நேரத்துக்கு வந்தார். சப்பாத்து, கையில் டெப் கணினி, கழுத்தில் அடையாள அட்டை. புதிய அடிக்கட்டையை நாலு பக்கமும் படமெடுத்தார். பிறகு விசாரணைக்கு வசதியான இடம் தேடி, நிழலும் சமநிலமும் பார்த்து, நேராகப் போய் முனியாண்டிக்கு எதிரே அமர்ந்தார். அந்த மூன்று கல்லுக்கு முன்னால் வீரய்யா இதுவரை ஒரு பொய் சொன்னதில்லை.

"அந்த மரத்த வெட்டினது யாரு?"

லோஜினி தரையைப் பார்த்தார்.

"நான்தான் சார்."

"எதுக்கு?"

"வெ… வெறகுக்கு சார்."

"இந்தத் திட்டம் வராட்டி என்ன செய்வீங்க?"

வீரய்யாவின் கண் ஒரு சிவப்புக் கோட்டில் போய் நின்றது. "வெட்டுவேன் சார். ஒன்னு விடாம."

அந்த நேரம் பார்த்துத்தானா ஞானேஸ்வரி சுடுதண்ணிப் போத்தலில் தேநீரோடு ஏறி வர வேண்டும்? கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் அப்படியே நின்றாள்.

"யாரு, இந்த மனுசனா? ஒரு கொப்ப ஒடிச்சதுக்கு என்னோட மூணு நாளு பேசாதவருங்க சார் இவரு! எந்தப் பாவி இவரு மேல பழி போட்டது?"

ரவிகுமாரின் விரல் டெப்பின் மேல் நின்றது. லோஜினி கண்ணை மூடிக்கொண்டார். இருபத்தாறு வருடக் காடு, நாற்பத்திரண்டு வீட்டுப் பீலி, எல்லாம் ஒரு நல்ல பெண்சாதியின் வாயில் தொங்கியது.

"அவளுக்குத் தெரியாது சார்" என்றார் வீரய்யா. "வீட்டுக்குத் தெரியாமத்தான் வெட்டுவேன்."

ஞானேஸ்வரி அவரைப் பார்த்தாள். சாக்கில் சுற்றியிருந்த கோடரியைப் பார்த்தாள். மரத்தில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். தேநீரை மெதுவாக ஊற்றி ரவிகுமாரிடம் நீட்டினாள்.

"இனி எதுக்கு மறைக்கணும் சார். கோடரியக் கண்டா இவருக்கு வெறி புடிச்சிரும். மானம் போகுதேன்னுதான் மூடி மறைச்சேன். போன வருசம் எங்க வீட்டுக் கதவுக்கே கோடரியத் தூக்கினாரு."

வீரய்யா திடுக்கிட்டார். அந்தக் கதவு கறையான் அரித்துத்தான் விழுந்தது.

"சாமிக்குப் பயமில்லையா?" என்று கடைசியாகக் கேட்டார் ரவிகுமார், கற்களைக் காட்டி.

"இல்ல சார்."

சொல்லி முடிக்கவும் கணுக்காலில் சுரீர் என்றது. குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. இரத்தம் சூடாகப் பாதத்தில் இறங்கியது. அவர்கள் போனபிறகு பார்த்தால், அட்டை. ஹந்தானையில் மழைக்காலத்தில் யாரைத்தான் அட்டை கடிக்கவில்லை? ஆனாலும் வீரய்யா அதைப் பிய்த்து எறியவில்லை. அதுவாக விழும்வரை கடிக்க விட்டார்.

மூன்று மாதத்தில் முடிவு வந்தது. காடு ஏற்றுக்கொள்ளப்பட்டது, நாற்பது வருடத்துக்கு ஒரு மரம் தொடக்கூடாது. துரையின் இல்லாத யோசனை வேறு ஒரு மலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. பரிசீலனை அறிக்கையில் 'பிரதான அச்சுறுத்தல்' என்ற தலைப்பின் கீழே ஒரே ஒரு பெயர். லோஜினி அதை வாசித்துக் காட்டும்போது அழுதுவிடுவார் போலிருந்தது.

"அறுபத்தேழாம் பக்கம் ஐயா. அச்சுறுத்தல் எண்டு பதிஞ்ச ஆளைக் காவலுக்குப் போடேலாது."

வீரய்யா கொழுந்து மடுவத்தில் தராசு பிடிக்கப் போனார். அவரிடமிருந்து காட்டைக் காப்பாற்றக் கெலிஓயாவிலிருந்து கணபதி நியமிக்கப்பட்டார். புடவைக் கடையில் இருபது வருடம் நின்றவர். காட்டை பஸ் சன்னலில் பார்த்திருக்கிறார். புதிதாகப் போட்ட கம்பி வேலி வாசலில் கதிரையும் கொப்பியுமாக உட்கார்ந்திருப்பார். அட்டைக்குப் பயந்து கால்களையும் கதிரைமேலே வைத்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்கு வீரய்யா வேலி வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. கோடரி ஏதும் இருக்கா?"

"சூடந்தான் இருக்கு."

"என்ன விசயமா உள்ள போறீங்கன்னு எழுதணும்."

"கொழாய் வாயில எல அடைச்சிருக்கும். எடுத்து விடணும்."

கணபதி பேனாவை உயர்த்திப் பிடித்தபடி யோசித்தார். "அச்சுறுத்தல் கொழாய் சுத்தம் பண்ணிச்சுன்னு எழுதினா மேல பிரச்சின வராதாண்ணே?"

வீரய்யாவும் யோசித்தார். "வெறகு பாக்க வந்தேன்னு எழுதுங்க."

உள்ளே போனார். முனியாண்டி முன்னால் கொஞ்ச நேரம் தலை நிமிராமல் நின்றார். குழாய் வாயில் கைவிட்டு இலையை அள்ளினார். பிறகு ஓரத்துக்கு வந்து, எண்பத்தேழாம் நம்பர் அடிக்கட்டைக்குப் பக்கத்தில் நின்று, கீழே பார்த்துக் கூவினார்.

"தண்ணி வருதா?"

அவருடைய மந்தமான காதுக்கும் எட்டும்படி பீலியடியிலிருந்து ஞானேஸ்வரி கத்தினாள்: "வருதுங்க!"

கணபதி கொப்பியில் எழுதினார்: ஆறு நாற்பது. அச்சுறுத்தல் வெளியேறியது. சேதம் இல்லை.